மிச்சம் ஒரு மெய்

நீர்நாயின் தலைக்குள் புதினா வாசனை தெளிக்கிறார்கள்.
பயனில்லை.
எனக்கு முன்னால் இதற்குள் வியர்த்த பதினேழு பேரும்
இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

கண்கள் வெறும் கண்ணாடி.
பார்ப்பதெல்லாம் வாய் வழியாக.
பல்வரிசைக்குப் பின்னால் ஒரு கறுப்பு வலை,
அதில் துண்டு துண்டாக எழுபதாயிரம் பேர்.

ஓட்டோ பேசக்கூடாது.
ஓட்டோ தலையைக் கழற்றக்கூடாது.
உள்ளே யாரென்று ஓட்டோ சொல்லவே கூடாது.
வாலைக் கதவிடுக்கில் விடக்கூடாது என்று
விதித்தாளின் அடியில்
யாரோ பேனாவால் சேர்த்திருக்கிறார்கள்.

நம் அணி எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும்
ஓட்டோ ஒரு தண்டால் எடுக்க வேண்டும்.
அந்த நவம்பர் சனிக்கிழமை
மின்னசோட்டா முழுக்கப் பார்க்க
நான் எடுத்தவை மூன்று.
அவர்கள் நாற்பத்தொன்று.

பனியா மழையா என்று தீர்மானிக்காமல் ஏதோ பெய்தது.
பேண்டுக் குழுவின் ட்யூபாக்களுக்குள் எச்சில் உறைந்தது.
பழைய மாணவர்கள் போர்வையை மடித்துக்கொண்டு
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள்,
நாற்பது வருஷமாகக் கிளம்புவது போலவே.

மாணவர் பகுதியின் முன்வரிசையில்
சட்டையில்லாமல் நான்கு பேர்.
நெஞ்சில் ஆளுக்கொன்றாக, நீலத்தில், என் பெயர்.
என் பெயர் இல்லை, இவன் பெயர்:
ஓ ட் ட் ஓ.

முதலில் ஓர் ஓ போனது, காபி வாங்க.
இன்னோர் ஓ, அதைத் தேட.
உயிர் இரண்டும் போனபின்
உதடு வெளுத்து ஒரு மெய்யும் எழுந்துபோனது.
மிச்சம் ஒரு மெய்,
கம்பியைப் பிடித்தபடி,
தனியே நின்றால் ஒலிக்காத எழுத்து.

எனக்கு அவனைத் தெரியும்.
கரிம வேதியியல், நான்காம் ஆய்வுக்கூடம்,
மேசை பதினொன்று. நான் பன்னிரண்டு.
பத்து வாரமாக ஒரே குழாய்த் தண்ணீர்.
வெள்ளைக் கோட்டின் பையில் லிபான் என்று தைத்திருக்கும்.
நான் அவனிடம் பேசியது: "இது உன் குடுவையா?"
அவன் பேசியது: "இல்லை."
நானூறு பேர் படிக்கும் வகுப்பில்
அது நீண்ட உரையாடல்.

இரண்டு பாதங்களையும் விரித்தேன்.
ஓட்டோ அப்படித்தான் செய்வான்.
குனிந்து கட்டிக்கொண்டான்.
"திங்கட்கிழமை படிப்பை விடுகிறேன்.
யாருக்கும் தெரியாது.
போன வாரம்தான் அம்மா
கார் கண்ணாடியில் உன் படத்தை ஒட்டினாள்."

பஞ்சுக் காதில் சொன்னான்.
என் காது ஒரு சாண் கீழே.
எல்லாம் கேட்டது.

இதற்கென்று ஓட்டோவிடம் அசைவு கிடையாது.
கோல் விழுந்தால் உண்டு,
தோற்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளலாம்,
நடுவருக்குக் கண் டாக்டர் அட்டையை நீட்டலாம்.
பாதத்தை அவன் முதுகில் வைத்தேன்.
எடுக்கத் தெரியவில்லை.

கேமரா எங்களைப் பிடித்திருக்க வேண்டும்.
பெரிய திரையில் நீர்நாய் ஒருவனைத் தழுவ,
மீந்திருந்த ஆறாயிரம் பேர் ஹோவென்று கத்தினார்கள்.
அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து
நான் விதியை மீறினேன்.
என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.

ஞாயிறு மாலை பா கூ குறுஞ்செய்தி அனுப்பினாள்,
அடுத்த ஆட்டத்தின் ஓட்டோ அவள்:
வலது பாதத்தில் நீலப் பெயின்ட், யார் வேலை?
பதில் எழுதவில்லை.

திங்கள், காலை எட்டு.
மேசை பதினொன்றில் அவன்,
சாமான்களைத் திருப்பி ஒப்படைக்கும் தாளோடு.
காதின் பின்னால், தேய்த்தும் போகாத நீலம்.
இப்போது எனக்கு வாய் இருந்தது, பாதம் இல்லை.

எண்ணினான். மறுபடி எண்ணினான்.
"ஒன்று குறைகிறது" என்றான், யாரிடமும் இல்லாமல்.

என் மேசையில் இருந்ததை எடுத்து நீட்டினேன்.
"இது உன் குடுவையா?"

அவன் குடுவையைப் பார்க்கவில்லை.