பதினான்கு யூரோவுக்கு நான் விற்றது

இல்போ,
உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.
ஏமாற்று என்ற சொல்
ஒரே ஒருமுறைதான் வருகிறது. நன்றி.

மாதிரியில் கேட்டபோது
நனைந்த கம்பளியின் கனம் இருந்ததாம்.
காசு கட்டி இறக்கி
ஓவுலுவில் உங்கள் அறையில் வாசித்தால்
தகர டப்பாவில் மாட்டிய குளவியாம்.

கோப்பு அதேதான்.
கெய்ன் ஐந்தரை, பாஸ் நான்கு,
மைக், ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி.
ஓர் எண்கூட வழியில் சிந்தவில்லை.

சிந்தியது வேறு.

டெரியில், இறைச்சிக்கடைக்குப் பின்னால்
எனக்கொரு கொட்டகை இருந்தது.
எலும்பறுக்கும் ரம்பம் பகல் முழுக்க ஓடும்;
என் சத்தத்தை யாரும் சத்தமாக எண்ணியதில்லை.
கால்சட்டைத் துணி அதிரும்வரை ஏற்றினேன்.
அந்த அளவில் காது வேறு காது.
அடிச்சுரம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிடும்.
போதும் போதும் என்று
நான்தான் பாஸைக் குறைத்தேன்.

உங்கள் கீழ்வீட்டில் ஒரு செவிலி,
இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறார் என்கிறீர்கள்.
அவர் தூக்கம் கலையாத அளவில் வாசிக்கிறீர்கள்.
அங்கே முதலில் கிளம்பிப்போவது பாஸ்,
விருந்தில் யாரும் பேச்சுக் கொடுக்காதவர்போல.

பிறகு என் கிட்டார்.
பிக்கப்பின் கம்பிச்சுற்று தளர்ந்தது.
தந்திகள் தடிமன், மாற்றி ஏழு மாதம்.
பிறகு என் வலது கட்டைவிரல்:
பதினாறு வயதில் காமோகி ஆட்டத்தில்
மட்டை பட்டு ஒடிந்து கோணலாகக் கூடியது.
பிக்கைச் சாய்த்துத்தான் பிடிப்பேன், வேறு வழியில்லை.
நீங்கள் கேட்ட அந்த மென்மையில் பாதி
அந்த எலும்பு.

என் அளவுக்குத் தைத்த சட்டையை
உங்களுக்கு விற்றிருக்கிறேன்.
ஒரு தோள் இறங்கியது என்று
சீட்டில் எழுதவில்லை.

இங்கேயே முடித்திருக்கலாம்.
இப்படி ஒரு பதிலைப்
பலருக்கும் அனுப்பியிருக்கிறேன், கட்டைவிரல் இல்லாமல்.

ஆனால் போன மாதம் கொட்டகையைக் காலி செய்தேன்.
வாடகை.
இப்போது சமையலறை மேசை, ஹெட்போன்,
பக்கத்தில் ஓடும் குளிர்பதனப் பெட்டி.
நேற்றிரவு உங்கள் கடிதத்தை மூடிவிட்டு
அந்தக் கோப்பைத் திறந்தேன்,
அதே கிட்டார், அதே விரல்.

குளவி.

ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்
நான் எழுதிய எண்களை,
யாரோ எனக்கு விற்றதுபோல.
பாஸை ஆறுக்கு ஏற்றினேன். கெய்னை நான்குக்கு இறக்கினேன்.
கொஞ்சம் பரவாயில்லை.
கம்பளி இல்லை, ஒரு கைக்குட்டை.

பணத்தைத் திருப்பிவிட்டேன்.
வங்கி பிடித்ததுபோகப் பதின்மூன்று சொச்சம் வரும்.

ஒன்று கேட்கிறேன்.
உங்கள் அறையில், அந்தச் செவிலி தூங்கும்போது,
எந்த எண்களில் அது சரியாக வருகிறதோ
அவற்றை எனக்கு எழுதுங்கள்.
இங்கே சரியாக வராது,
தெரியும்.

ப்ரோனா