காலி எடை

எங்கள் ஊர்ப் பெயரில் காவேரி இருக்கிறது,
பட்டினமும் இருக்கிறது.
ஓடுவது தென்பெண்ணை.
கடல், லோடு வண்டிக்கு ஒன்பது மணி நேரம்.
ஒருமுறை பூம்புகாருக்குப் போகவேண்டிய கல்யாணப் பத்திரிகை
வழி தவறி எங்கள் வீட்டுக்கு வந்தது.
மொய் எழுதவில்லை.

பர்கூர்ப் பக்கம் ஒரு குவாரி வாசலில்
தகரக் கூரையின் கீழ் எடைமேடை எழுதுகிறவன் நான்.
லாரி ஏறும்.
சிவப்பு எண்கள் நடுங்கும், பிறகு நிற்கும்.
லோடு எடை. காலி எடை. கழித்தது போகக் கல்.
பதினேழு வருடத்தில் ஒரு மலையை
இந்த மூன்று கட்டங்களுக்குள் எழுதியிருக்கிறேன்.
கிழக்கு மூலை மட்டும் பாக்கி.

பாலிஷுக்கு ஆகிற கல் கப்பல் ஏறும்.
விரிசல் விட்டது, நரம்பு ஓடியது
அலைக்குக் குறுக்கே கொட்டுவதற்கு.
கொண்டுபோகிறவர் மரியசூசை.
ஊர் ஐநூற்றுவன்துறை.
அங்கே யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை.
"ஐநூறு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால்
புதுக் கண்டக்டர் சில்லறை இல்லை என்பாராம்.

"பழைய ஐநூறு உள்ள இருக்குது திம்மராயா"
என்பார், டீ கிளாஸால் கிழக்கைக் காட்டி.
உள்ளே என்றால் கடலுக்குள்.
குதிரை இறங்கிய துறை, சுங்கச்சாவடி,
எண்ணெய் வாணியர் தெரு, பாக்குத் தெரு,
ஒரு சிவன் கோயில், ஒரு பள்ளிவாசல்.
ஒரே ராத்திரியில் போயிருந்தால்
சாபம் என்றாவது ஒரு கதை மிஞ்சியிருக்கும்.
வருடத்துக்கு ஒரு முழம்தான் போனது.
தாத்தன் காலத்தில் வாசற்படி,
பேரன் காலத்தில் கூடம்,
அப்புறம் கிணறு.
கரை போன பிறகும் கிணறு மட்டும்
குழாய் நட்டது போல அலைக்குள் நின்றதாம்.
"கடைசி வரைக்கும் நல்ல தண்ணி."

அந்தச் சாவடியில் ஒரு கணக்கன் இருந்திருப்பான்.
மிளகுப் பொதியையும் சந்தனக் கட்டையையும் நிறுத்து
ஓலையில் கீறியவன்.
காலடியில் குறைந்துகொண்டிருந்ததை
எந்தப் பத்தியில் எழுதினானோ.

ஆடியில் ஒரு பாறை வந்தது.
முதுகில் வரிசையாக ஆப்புக் குழிகள்.
டிரில் போட்ட ஓட்டை இல்லை, உளியால் தோண்டியது.
யாரோ பிளக்கத் தொடங்கி
பாதியில் எழுந்து போயிருக்கிறான்.
குழிக்குள் பூத்திருந்த பாசியே கிழடு.
மரியசூசை வண்டி மேல் ஏறி விரலை விட்டுப் பார்த்தார்.
"அமாவாசை வத்தத்துல எங்க ஊர்ல ஒரு படிக்கட்டு தெரியும்.
கறுப்புக் கல்லு. ஓரத்துல இதே பல்லு.
எங்க பக்கம் கூழாங்கல் கூடக் கிடையாது.
மண்ணு, அதுக்குக் கீழ மண்ணு."
இந்தப் பல் தமிழ்நாடு முழுக்கக் கிடக்கிறது
என்றார் மேனேஜர், படித்தவர்.
இருக்கலாம்.

இருபத்தொரு டன் நானூறு.
எழுதினேன். போனது.

நான்காம் நாள் வண்டி வெறுமனே வந்து மேடை ஏறியது.
போனபோது இருந்த காலி எடையைவிட அறுபது கிலோ கூட.
டீசல் முள்ளைப் பார்த்தேன், அடியில் கிடந்தது.
பின் தொட்டியின் மூலைகளில் ஈர மணல்,
சிப்பி உடைசல், அறுந்த வலை,
காய்ந்துபோன நெத்திலி ஒன்று.
"ஊரைக் கொஞ்சம் அள்ளியாந்துட்டேன்" என்று சிரித்தார்.
இருவரும் கூட்டி வாசல் பள்ளத்தில் தள்ளினோம்.
அடுத்த மழைக்கு அந்த இடத்தில்
புல் முளைக்கவில்லை.

காலி எடை ஏறினால் கல் குறையும்.
கணக்கு அப்படித்தான்.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் 60 என்று எழுதி வைத்தேன்.
தணிக்கைக்கு வந்தவர் அதைச் சுழித்து
என்ன இது என்றார்.
அழித்துவிடுகிறேன் சார் என்றேன்.

மதியம் கிழக்கு மூலைக்கு வெடி வைத்தார்கள்.
மேடையில் வண்டி இல்லை.
சிவப்பு எண்கள் எதையோ நிறுத்துப் பார்த்துவிட்டு
பூஜ்யத்துக்குத் திரும்பின.