தாவரப் பொருள்

பெயர் ராசா என்றாள்.
கவுன்ட்டருக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பக்கம் மடியில் கிடக்கிற பிள்ளையைக்
கொஞ்சுகிற சொல் அது.
அவள் மொழியில் பனித்துளியாம்.
லிதுவேனியா.
கட்டண அட்டவணையில் விரல் வைத்துத்
தேடிக் கண்டுபிடித்தேன்.

ஏற்காட்டுக்கு வந்து இரண்டு வருடம்,
விடுதிப் பள்ளியில் பியானோ சொல்லித் தருகிறாள்.
ஸ்டாம்பு வாங்க வந்தவள் கேட்டாள்:
இங்கே எப்போது இலை உதிரும்?

மாசியில் என்றேன். பங்குனி வரைக்கும்.
ஐப்பசியில் மழை கொட்டும், கரண்டு போகும்,
ரோட்டில் எங்காவது மண் சரியும்.
இலை உதிராது.
அவர்கள் காலண்டரில் நவம்பருக்குப் பெயரே
இலையுதிர்வு என்று சொல்லிவிட்டு
வெளியே மஞ்சு மூடிய சில்வர் ஓக் மரங்களை,
வேலைக்கு வராத ஆட்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காக்கி உறை.
தராசில் முப்பத்திரண்டு கிராம்.
உள்ளே என்ன?
பிரித்துக் காட்டினாள்.
பலா இலை ஒன்று, முழு ஆரஞ்சு,
மற்ற இலைகள் பார்க்காதபோது தனியாகப் பழுத்தது.
முதுகு வெள்ளியாய் ஒரு சில்வர் ஓக்.
பேரி மரத்தினுடையவை மூன்று, ஓரம் கறுத்து.
அப்புறம் ஒரு கொத்து காப்பிப் பழம்,
"இது இலை இல்லை, தெரியும். சிவப்புக்காக."
எஸ்டேட் வேலியோரமாக நடந்து,
காட்டெருமைக்கு வழிவிட்டு நின்று பொறுக்கியவை.
தங்கைக்கு அனுப்ப வேண்டுமாம்.
அங்கே எல்லாம் விழுந்து முடிந்திருக்கும், இப்போது.

சுங்கப் படிவம் கொடுத்தேன்.
இலைகள்: ஐந்து. பழக்கொத்து: ஒன்று.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அது நின்ற பிறகுதான் எனக்கு விதி ஞாபகம் வந்தது.
தாவரப் பொருள்.
நோயில்லை என்று சான்றிதழ் வேண்டும்.
சொன்னேன்.
அவள் சண்டை போடவில்லை.
போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
உறையை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனதும்
பழத்தில் ஒன்றை வாயில் போட்டேன்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
துளி இனிப்பு, ஒரு வழவழப்பு,
பிறகு வெறும் கொட்டை.

நான் கிச்சிப்பாளையத்துக்காரி.
தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு
ஏறும்போது எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி
கண்ணை மூடிக்கொள்வேன்.
இறங்கும்போது தூங்கிவிடுவேன்.
இந்த மலையைப் பற்றிக் கேட்டால்
பின்கோடு சொல்வேன்.

திங்களன்று மறுபடி வந்தாள்.
இப்போது வெறும் காகிதங்கள்.
புது இலைகளை அடியில் வைத்துப்
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுத்திருந்தாள்,
நரம்பு நரம்பாக,
பூச்சி தின்ற ஓட்டை உட்பட.
பொருள்: காகிதம்.
மதிப்பு: ஐம்பது என்று எழுதினாள்,
அடித்தாள்,
நூறு என்று எழுதினாள்.
முத்திரை தெளிவாக விழ வேண்டுமென்று
இரண்டு தடவை மையில் ஒற்றினேன்.

பழைய உறை என் இழுப்பறையில்தான் கிடந்தது,
ரப்பர் வளையங்களோடு.
பலா இலை சுருண்டு
எல்லா இலைகளையும் போலப் பழுப்பாகியிருந்தது.

அன்று ஐந்தே முக்கால் பஸ்.
மழை விட்டிருந்தது.
பதினாறாவது வளைவில் ஒரு காற்று அடித்தது.
சரிவு முழுக்க சில்வர் ஓக்குகள்
ஒரே நேரத்தில் இலைகளைப் புரட்டி
வெளுத்து, மறுபடி பச்சையாயின.
ஒன்றுகூட விழவில்லை.
கீழே சேலத்தில் விளக்குகள், அங்கொன்று இங்கொன்று.

"என்ன மேடம், இன்னைக்குத் தூக்கம் வரலையா?"
கண்டக்டர் பொன்னுரங்கம்.
"சும்மா இருங்க," என்றேன்.
இன்னும் பதினைந்து வளைவு இருந்தது.