தண்ணீருக்குக் கழித்தது

முதல் வாரம் நோயாளி இல்லாமலே நடந்தது.
லவ்லின் நோயாளி, நான் பதிவு மேசை.
மறுநாள் நான் நோயாளி:
பெயர் குமாரி, மூன்று நாளாக வயிற்றுப்போக்கு
என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள்.
"முகம் பார்த்துப் பேசுங்க.
பேரை ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க."
சகாயராணி மேடம்
இதை மட்டும் மூன்று தரம் சொன்னார்.

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேல்மாடியில் வகுப்பு.
கீழே உருளை மூட்டை இறங்கும்போதெல்லாம்
மேசையில் பேனா தானாக உருளும்.
ஆறு மாதச் சான்றிதழ். பதினெட்டுப் பேர்.
மூடிப்போன தேயிலை ஆலையின் சூப்பர்வைசர்
பெள்ளராஜுக்கு வயது நாற்பத்தொன்று;
விசைப்பலகையில் தினமும்
ழகரத்தைத் தொலைத்துவிடுவார்.

நான் அதற்குமுன் இலை எடை போட்டவள்.
நாலு வருடம், கொள்முதல் கொட்டகையில்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
மழையென்றால் ஈரத்துக்கே மூன்று கிலோ
கழித்து எழுதச் சொல்லி உத்தரவு.
முப்பது பறித்தவளின் கண்ணெதிரே
இருபத்தாறு என்று எழுதுவேன்.
அந்தக் கணக்கில்
ஒருநாளும் நான் தப்பு விட்டதில்லை.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.
பதிவு, கோப்பு, காப்பீட்டு அட்டை,
ரத்தச் சீட்டோடு லேபுக்கும் வார்டுக்கும் நடை.
பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு
ஜனவரி ஒன்று போட்டுவிடச் சொன்னார்கள்;
கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது.
ஒரே வாரத்தில்
அறுபத்துமூன்று பேருக்கு ஒரே பிறந்தநாள்.

டோக்கன், வந்த வரிசைக்கு.
நியாயம் என்றுதான் நானும் இருந்தேன்.
ஊருக்குள் இருப்பவர்கள் எட்டு மணிக்கே
நாற்பது எண்களை எடுத்துக்கொள்வார்கள்.
சரிவுக்குக் கீழேயிருந்து வருபவர்கள்
பத்தே முக்கால் பஸ்ஸில் வந்திறங்கி
எண்பத்தேழு வாங்குவார்கள்.
திரும்பிப் போக இருக்கும் ஒரே பஸ்
ஒன்றரைக்கு.
எண்பத்தேழு, எண்பத்தேழு, எண்பத்தேழு.
விதிப்படி மூன்று தரம் கூப்பிட்டேன்.
"வரவில்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் டிக் போட்டேன்.

பிறகு சீட்டின் ஓரத்தில்
பென்சிலால் 1.30 என்று குறிக்கத் தொடங்கினேன்.
"இதென்ன, மருந்தா?" என்றாள் ஒரு செவிலி.
பஸ் என்றேன்.
ஒன்றும் பேசாமல் சீட்டை மேலே எடுத்து வைத்தாள்.
அடுத்த நாள் வேறு செவிலி.
அழித்துவிட்டாள்.

ஆடி மழையில் வந்தாள் புஷ்பமாலா.
தலையில் முக்காடாக யூரியா சாக்கு.
ஏழாம் மாதம்.
எடை மெஷினில் ஏறி நிமிர்ந்தவளுக்கு
என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.
"என்னா புள்ள,
தண்ணிக்கு எவ்வளவு கழிப்ப?"

வரிசையே சிரித்தது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும்.
நான் குனிந்து
நாற்பத்தேழு புள்ளி மூன்று
என்று முழுதாக எழுதினேன்.
ஒரு கிராம் குறைக்கவில்லை.

செவிலி எட்டிப் பார்த்தாள்.
"ஈரச் சேலையோடயா நிறுத்துன?
தண்ணியை எல்லாம் புள்ளைன்னு எழுதிருவ போல.
மாத்திக்கிட்டு வரச் சொல்லு."

ஆஸ்பத்திரி அங்கியில் மறுபடி ஏறினாள்.
நாற்பத்தாறு புள்ளி ஒன்று.
எழுதியதை நானே அடித்து
பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
விரலை மடக்கினாள்.
"தலையிலேருந்து கால்வரைக்கும் நனைஞ்சும்
ஒன்னேகால் கிலோதான்.
ஒரு சாக்கு இலைக்கு
மூணு எடுத்தியே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
வகுப்பில் கற்றது:
முகம் பார்த்து,
"புஷ்பமாலா" என்றேன்.
"ம்" என்றாள்.

சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு
அவள் போன பிறகு
மெஷினில் இரண்டு பாதம் ஈரம்.
துடைத்தேன்.
பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தேன்.
இன்னொரு தரம் துடைத்துவிட்டு
அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.