துளையில் துரு

ஏழாவது பிரிவு, மூன்றாவது பத்தி:
"கூரை உத்தரங்கள் யாவும்
இடித்த கட்டடங்களிலிருந்து எடுத்த தேக்காக இருத்தல் வேண்டும்."
தட்டச்சிட்டுவிட்டு
அந்த 'வேண்டும்'மையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உத்தரத்துக்கே உத்தரவு.

கடலூர் முதுநகரில் ஒரு சின்ன மருத்துவமனை.
ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, மருந்துக் கிடங்கு.
பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து
கணக்கர் மங்கையர்க்கரசி போனில் கேட்டார்:
விலைப்பட்டியலில் பழைய மரத்துக்கு வரிசையே இல்லையே மேடம்,
புதுசு என்று போட்டுக்கொள்ளட்டுமா?
போடாதீர்கள் என்றேன்.
வரிசை இல்லாவிட்டால் கோடு போட்டு ஒன்று சேருங்கள்.

வில்லியனூர் சாலையில் ஹாஜா மொகிதீனின் கிடங்கு.
கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன
எந்த அறையையும் மூடாமல்.
தார்ப்பாயை விலக்கி
ஈரம் பார்க்கும் கருவியின் பல்லை ஓர் உத்தரத்தில் அழுத்தினேன்.
பதினொன்று.
காலையில் மில்லில் பார்த்த புது மரம் இருபத்தாறு காட்டியது.
"இதுங்க நெளிஞ்சு முடிச்சிடுச்சுங்க,
வளைய வேண்டியதெல்லாம்
யார் வீட்டுலயோ வளைஞ்சாச்சு" என்றார் ஹாஜா.

நீளம் பதினோரடி நாலங்குலம்.
அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.
சுவருக்குள் இருபுறமும் அரையடி போக
மிச்சமிருப்பதுதான் அறை.
பன்னிரண்டு என்றிருந்ததை அழித்து எழுதினேன்.
அட்டையில் கட்டிலை வெட்டி
வரைபடத்தின் மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தேன்.
திரும்பியது,
செவிலி கொஞ்சம் ஒருக்களித்து நின்றால்.

லாரி வந்த அன்று நான் போகப் பத்து மணியாகிவிட்டது.
ஒப்பந்தக்காரர் தெய்வசிகாமணி
பதினான்கையும் இறக்கி அடுக்கியிருந்தார்.
கரும்பழுப்பு. கீறல்கள். ஆணித்துளைகள்.
பழசு என்றால் இதுதான் என்று சொல்லும்படி
அவ்வளவு பழசு.
தச்சர் லூர்துநாதன் ஒன்றும் பேசவில்லை.
விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவி
ஒரு துளைக்குள் விட்டுச் சுழற்றி
என்னிடம் நீட்டினார்.
சுத்தமான குச்சி.
அடுத்த துளை. அதுவும்.
அதற்கடுத்ததும்.

எட்டு எம்.எம். ட்ரில்.
டீத்தூள் காய்ச்சிய சாயம்.
சங்கிலியால் அடித்த தழும்புகள்.
முனையைச் சீவி மோந்து பார்த்தேன்.
தேக்கே இல்லை. போன மாதம்வரை
எங்கோ நிழல் போட்டுக்கொண்டிருந்த வேம்பு.

தெய்வசிகாமணி கோபப்படவில்லை.
கைபேசியில் என் பத்தியைப் பெரிதாக்கிக் காட்டினார்.
"நிறம் கரும்பழுப்பு. ஆணித்துளைகள் ஏற்கப்படும்."
"தேக்குதான் கிடைக்கல, ஒத்துக்கிறேன்.
மத்ததெல்லாம் நீங்க எழுதினதுதானே மேடம்?"
நான் எழுதியதுதான்.
மரம் வெட்டாதிருக்க எழுதிய வாக்கியம்
ஒரு வேம்பை வெட்டியிருக்கிறது.

உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.
மீன் லாரி ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது.
நாங்கள் மூவரும் நகர்ந்து வழி விட்டோம்,
வேறென்ன செய்வதென்று தெரியாததுபோல.

அன்றிரவு திருத்தம் எண் இரண்டு:
"நிறம் பொருட்டல்ல.
துளையிருந்தால் துளையில் துரு இருத்தல் வேண்டும்.
பழையது போன்றது ஏற்கப்படாது.
இணைப்புகள் திருகாணியில்; பசை கூடாது.
நாளை கழற்றுகிறவர் கைக்கு எட்டும்படி."
கடைசி வரிக்கு மங்கையர்க்கரசி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.
அப்படியே விட்டுவிட்டேன்.

ஹாஜாவின் உத்தரங்கள் இரண்டு வாரம் கழித்து ஏறின.
வேம்பைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.
பாதி விலைக்கு வாங்கி, சாயத்தை இழைத்தெடுத்து
மருந்துக் கிடங்கில் அடுக்குப் பலகையாக்கினோம்.

ஐப்பசி மழையில் அது நெளிந்துவிட்டது.
இருமல் மருந்துப் புட்டிகள்
எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன.
செவிலி தினமும் நிமிர்த்தி வைக்கிறாராம்.
இன்னும் இரண்டு மழை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.