கூப்பிடு தூரம்

வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது.
ஒரு நீலக் கோடு, நடுவில் அறுந்து,
பக்கத்தில் 4127 என்று ஓர் எண்.
அறுந்த இடத்தில் ஆறு குதித்திருக்கும்,
குதித்தது உறைந்திருக்கும் என்றான் திமோஃபெய்.
இரண்டு குளிர்காலம் அந்த இடைவெளியைப்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம்,
பிஷ்கெக்கில்,
ஹீட்டருக்குக் கால் நீட்டியபடி.

நரினிலிருந்து லாரி வந்தமட்டும் வந்தது.
ஆறு தன் மேலேயே வழிந்து உறைந்த ஓரிடத்தில்
பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின.
ஓட்டுநர் இறங்கவில்லை.
கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்து
"இனிமேல் ஷார்ஷென்" என்றார்.

ஷார்ஷெனுக்கு மூன்று குதிரை, ஒரு நாய்,
மேல் பள்ளத்தாக்கில் பதினாறு யாக்.
எவ்வளவு தூரம் என்றேன்.
கூப்பிடு தூரம்தான் என்றார்.
யார் யாரைக் கூப்பிட என்று சொல்லவில்லை.

ஆணி முளைத்த லாடம்.
வெற்றுப் பனிக்கட்டிமேல் குதிரைகள் நடந்தால்
பக்கத்து அறையில் யாரோ
சில்லறை எண்ணும் சத்தம்.
பொடிப்பனி மூடிய இடம் வந்தால் கூலா நிற்கும்.
மூக்கை வைத்து ஊதும்.
அதற்கு ஒரு கருத்து உண்டானபிறகுதான்
எங்களுக்குப் பாதை.
இருபத்திரண்டு திருகாணி, நான்கு கோடரி,
அறுபது மீட்டரில் இரண்டு கயிறு,
எல்லாம் மாவு மூட்டைக்கும்
தேயிலைக்கும் நடுவில் குலுங்கி வந்தன.

இரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில்
தெரிந்துவிட்டது.
பச்சை. பாட்டில் பச்சை.
ஒரு பாறை இன்னொரு பாறைக்கு
ரகசியமாய் நீட்டிய மாதிரி, ஒல்லியாக.
கை நீட்டினால் தொடலாம் என்று
கை நீட்டினான் திமோஃபெய், உண்மையாகவே.
அன்று முழுக்க நடந்தோம்.
சாயங்காலமும் அதே அளவுதான் இருந்தது.

அதற்குப் பெயர் உண்டா என்று கேட்டேன்
குடிசையில், சாண நெருப்பில்
புருவத்துப் பனி உருகிக் கண்ணில் இறங்க.
"இருந்தது. கூப்பிட ஆளில்லை" என்று
உப்புத் தேநீரை இன்னொரு கோப்பை ஊற்றினார்.

மூன்றாம் நாள் விடியலில்
ஷார்ஷென் எண்ணினார். பதினைந்து.
மறுபடி எண்ணினார்.
நாய்தான் கண்டுபிடித்தது:
குறுகிய பிளவில் இருபது அடி கீழே, விளிம்பொன்றில்,
ஒரு வயதுக் கிடாரி,
நேற்றிரவு முழுதும் அங்கேயே
கோபமாக நின்றிருந்த முகத்தோடு.

அவர் எதுவும் கேட்கவில்லை.
எங்கள் கயிற்றைப் பார்த்தார்.
பிறகு கூலாவின் சேணத்தை,
அது சரியாகவே இருந்தது,
சரிசெய்யத் தொடங்கினார்.

திமோஃபெய் வானத்தைப் பார்த்தான்.
மேலே பச்சையைப் பார்த்தான்.
கெட்ட வார்த்தை ஒன்றை ரஷ்ய மொழியில் மென்றுவிட்டு
முதல் திருகாணியை இறக்கினான்.

எட்டுத் திருகாணி, இரண்டு கப்பி,
மூன்று குதிரை, நான்கு மனிதக் கை.
நான் கீழே, அதன் வயிற்றுக்கடியில் பட்டை கட்டியபடி,
காதோரம் அதன் சூடான மூச்சு.
என் வாழ்நாளின் கடினமான ஏற்றம் அதுதான்.
ஏறியது நான் அல்ல.
விளிம்பைத் தாண்டியதும்
கிடாரி உடம்பை உதறியது,
நிதானமாக மூத்திரம் பெய்தது,
யாருக்கும் நன்றி சொல்லாமல் போயிற்று.

மணி மூன்று.
வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்குக் காணும்.
நான் மட்டும் நடந்தேன்.

அடியில் நின்றபோது உயரம் தெரியவில்லை,
குளிர் மட்டும் தெரிந்தது.
கோடரியை ஒரே ஒருமுறை ஓங்கிப் போட்டேன்.
இரண்டு பல் இறங்கி நின்றது.
காதை வைத்தேன்.
உள்ளே எங்கோ
தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.
எடுத்துவிட்டேன் கோடரியை.
இரண்டு சின்னத் துளை.
காலையில் மூடியிருக்கும்.

அப்போது கீழேயிருந்து, குடிசைப் பக்கமிருந்து,
மூன்று சுவரில் மோதி, மூன்று தடவை:
"பெர்மெத்! தேநீர் ஆறுது!"

லாரி அருகே சாமான்களை எண்ணினோம்.
இருபத்தொன்று.
ஒரு திருகாணியைக் காணோம்.
ஷார்ஷென் மட்டும் சிரித்தார்,
எண்ணிக்கை குறைவது
எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்.