எட்டு நாள்

சிப்காட் ரெண்டாம் கேட், டீக்கடை பெஞ்சு.
மாதேவி நீட்டிய நோட்டீசில்
ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு:
கன்செக்யூட்டிவ்.

இடைவிடாமல்னு அர்த்தம், என்றேன்.
எட்டு நாள் இடைவிடாமல் வரவில்லையாம் நீ.

விரல் மடக்கினாள்.
"நடுவுல ஞாயித்துக்கிழமை.
கம்பெனியே பூட்டிக் கெடந்துச்சு,
அன்னிக்கு நான் எப்படி வராம இருப்பேன்?
புதன்கிழமை தேன்கனிக்கோட்டை பஸ்ஸுல வந்தேன்,
கார்டு இல்லன்னு
வாட்ச்மேன் திருப்பி அனுப்பிட்டான்.
அது எந்தக் கணக்கு?"

அந்தச் சொல் ஞாயிற்றையும் விழுங்கும்,
கேட்டுக்கு வெளியே நின்ற புதனையும்.
நான் சொல்லவில்லை.

"பிள்ளைக்கு வந்த காய்ச்சலே
விட்டு விட்டுத்தான் வந்துச்சு" என்றாள்.

பதில் எழுதப் பேனா திறந்தேன்.
ஓசூர்க் குளிரில் டீ ஆறிவிட்டது.
மதிப்பிற்குரிய ஐயா வரைக்கும்
ஆங்கிலம் வந்தது.
விட்டு விட்டு என்பதற்கு
வரவில்லை.